தலையில் அடிபட்டால்: தீவிர சிகிச்சைத் தாதி பார்ப்பது என்ன, நாம் பார்க்க வேண்டியது என்ன?



மீரியபெத்த என்று சொன்னதும் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலைதான் நமக்கு ஞாபகம் வரும். கொஸ்லந்தைக்கு மேலே மலை சரிந்து லயங்களை மூடிய நாள் அது. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்தது. இப்படிப் பெரிய விபத்து என்றால் நாடே பேசும். ஆனால் தலையில் அடிபடுவது நம்ம பக்கத்தில் சத்தமில்லாமலும் நடக்கிறது. நிழல் மரம் வெட்ட ஏறியவர் விழுகிறார். மழை நாளில் கொழுந்து மூட்டையோடு வழுக்கி கல்லில் தலை மோதுகிறது. பிள்ளை படியில் உருளுகிறது. மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் போன தம்பி வளைவில் விழுகிறான்.

இவர்களில் சிலரை பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போனதும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கிறார்கள். கதவு மூடிக்கொள்கிறது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் ஒன்றுமே விளங்காது. “உள்ளே என்னதான் செய்றாங்க? ஊசி மருந்து ஒன்னும் பெரிசா போடக் காணோமே. மிஸ் வந்து டோர்ச் அடிச்சுப் பார்த்திட்டு கையைக் கிள்ளிட்டுப் போறாங்க!” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த டோர்ச்சும் அந்தக் கிள்ளும் ஏன் என்று தெரிந்துகொண்டால், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் லயத்தில் நாம் என்ன பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி

பெரிய ஆள் ஒருவருடைய மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடை இருக்கும். அதைச் சுற்றி ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் நீர் இருக்கிறது. மூளைக்குள் இரத்தமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த மூன்றும் மண்டை ஓட்டுக்குள் அடைந்திருக்கின்றன. கை கால் வீங்கினால் தோல் இழுபட்டு இடம் கொடுக்கும். மண்டை ஓடு எலும்பு. அது இடம் கொடுக்காது.

அடிபட்டதும் உள்ளே இரத்தம் கசியலாம், மூளை வீங்கலாம். கொஞ்ச நேரத்துக்கு அந்த நீரும் இரத்தமும் ஒதுங்கி இடம் விடும். அந்த நேரத்தில் ஆள் எழுந்து நடப்பார், பேசுவார், “எனக்கு ஒன்னும் இல்ல” என்று சொல்வார். ஒதுங்க இனி இடம் இல்லை என்று வரும்போது அழுத்தம் திடீரென்று ஏறும். அழுத்தம் ஏறினால் மூளைக்குள் இரத்தம் போக முடியாது. அதற்குப் பிறகு மணிக்கணக்கில் இல்லை, நிமிடக் கணக்கில்தான் பேச வேண்டும்.

ஆகவே தலைக்காயத்தில் சேதம் இரண்டு தடவை நடக்கிறது. முதல் சேதம் விழுந்த அந்த நொடியில் நடந்து முடிந்துவிட்டது. அதை எந்த டாக்டராலும் திருப்ப முடியாது. இரண்டாவது சேதம் பிறகு வரும் மணித்தியாலங்களிலும் நாட்களிலும் வருகிறது. மூச்சு சரியில்லாமல், இரத்த அழுத்தம் விழுந்து, வீக்கம் கூடி, காய்ச்சல் ஏறி வருகிற சேதம் அது. தீவிர சிகிச்சைத் தாதியின் வேலை முழுவதும் இந்த இரண்டாவது சேதத்தைத் தடுப்பதுதான்.

பதினைந்து மார்க் கணக்கு

ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ என்ற நகரத்து டாக்டர்மாரான டீஸ்டேல், ஜெனட் இருவரும் 1974இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் பாவனையில் இருக்கிறது. கண், பேச்சு, கை கால் அசைவு என்று மூன்று பாடம். மொத்தம் 15 மார்க். ஆகக் குறைந்தது 3.

கண்ணுக்கு 4 மார்க். தானாகக் கண்ணைத் திறந்து பார்த்தால் 4. கூப்பிட்டால் மட்டும் திறந்தால் 3. வலி கொடுத்தால் மட்டும் திறந்தால் 2. திறக்கவே இல்லை என்றால் 1.

பேச்சுக்கு 5 மார்க். பேர், இடம், மாதம் சரியாகச் சொன்னால் 5. பேச்சு இருக்கிறது, ஆனால் தடுமாறுகிறது என்றால் 4. சம்பந்தமில்லாத ஒன்றிரண்டு சொல் என்றால் 3. முனகல் மட்டும் என்றால் 2. ஒன்றும் இல்லை என்றால் 1.

அசைவுக்கு 6 மார்க். “கையைத் தூக்குங்க” என்றால் தூக்குகிறவருக்கு 6. வலிக்கிற இடத்தைத் தேடிக் கையைக் கொண்டு வந்து தட்டிவிட்டால் 5. கையை இழுத்துக்கொண்டால் 4. கை அசாதாரணமாக மடங்கினால் 3, விறைத்து நீண்டால் 2, அசைவே இல்லை என்றால் 1.

மிஸ் கிள்ளுவது இதற்காகத்தான். கோபத்தில் இல்லை. வலிக்கு எப்படிப் பதில் சொல்கிறார் என்று பார்க்கிறார்கள். மொத்தம் 13 அல்லது அதற்கு மேல் என்றால் இலேசான காயம் என்று வைப்பார்கள். 9 முதல் 12 வரை நடுத்தரம். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். அந்த நிலையில் ஆள் தன்னுடைய மூச்சுப் பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதால் பெரும்பாலும் தொண்டைக்குள் குழாய் போட்டு மெஷினில் மூச்சுக் கொடுப்பார்கள்.

ஆனால் ஒரு தடவை எடுத்த மார்க்கை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மார்க் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். முதலில் அரை மணிக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். 15 மார்க் வந்த பிறகும் இரண்டு மணித்தியாலம் அப்படியே பார்த்து, பிறகுதான் இடைவெளியைக் கூட்டுவார்கள். ஒரேயொரு மார்க் இறங்கி அரை மணி நேரம் அப்படியே நின்றாலும் டாக்டருக்கு அறிவிக்க வேண்டும். இதற்காகத்தான் ஷிப்ட் மாறும்போது இரண்டு மிஸ்மாரும் கட்டிலருகே சேர்ந்து நின்று பார்க்கிறார்கள். ஒருவர் கொடுத்த 12ம் மற்றவர் கொடுக்கும் 12ம் ஒன்றாக இருக்க வேண்டுமே!

டோர்ச் எதற்கு? கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்ப்பதற்கு. ஒரு பக்கக் கண்மணி பெரிதாகி வெளிச்சத்துக்கும் சுருங்காமல் நின்றால், உள்ளே மூளை நசுங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் மிஸ் ஓடுவதைப் பார்ப்பீர்கள்.

ஒரு உதாரணம் சொல்வோம். பின்னேரம் நாலு மணிக்கு மரத்திலிருந்து விழுந்தவர். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது 14 மார்க். இரவு பன்னிரண்டுக்கும் 14. ஒரு மணிக்கு 13. “தூக்கக் கலக்கமா இருக்கும்” என்று விட்டுவிடலாம். தெரிந்த தாதி விடமாட்டார். எழுப்பிக் கேட்பார், டோர்ச் அடிப்பார், ஒன்றரைக்கு மறுபடி பார்ப்பார். 12. உடனே டாக்டர், ஸ்கேன், தேவை என்றால் ஒபரேஷன். காலை ஆறு மணி வரை தூங்க விட்டிருந்தால் அந்த ஆளை எழுப்ப முடியாமலே போயிருக்கலாம்.

இரத்த அழுத்தம் மிக ஏறி, நாடி மெதுவாகி, மூச்சு ஒழுங்கில்லாமல் போவதும் உள் அழுத்தத்தின் அறிகுறிதான். ஆனால் அது கடைசியில் வருவது. அது வரும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

கட்டிலருகே நடக்கும் சின்னச் சின்ன வேலைகள்

கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை அளவுக்கு உயர்த்தி வைக்கிறார்கள். கழுத்தை நேராக வைக்கிறார்கள். கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருந்தாலோ, குழாயைக் கட்டிய நாடா இறுக்கமாக இருந்தாலோ, தலையிலிருந்து இரத்தம் கீழே இறங்கும் நரம்பு அமுங்கும். உள்ளே அழுத்தம் கூடும். நாம் பார்க்கப் போனால், “பாவம், தலை ஒரு மாதிரி இருக்கு” என்று தலையணையைத் திருப்பி வைக்கக் கூடாது. மிஸ்ஸைக் கேளுங்கள்.

சளியை உறிஞ்சி எடுப்பதும் கணக்குப் பார்த்துத்தான். உறிஞ்சும்போது உள் அழுத்தம் ஏறும். ஆகவே முதலில் ஒட்சிசன் கூடுதலாகக் கொடுத்து, பத்து பதினைந்து வினாடிக்குள் முடிக்கிறார்கள். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, சளி எடுப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யாமல் இடைவெளி விட்டுச் செய்கிறார்கள்.

இரத்த அழுத்தத்தின் மேல் அளவு பெரிய ஆளுக்கு 110க்குக் கீழே போகாமல் பார்க்க முயற்சிப்பார்கள். அழுத்தம் விழுந்தால் மூளைக்கு இரத்தம் போதாது. காய்ச்சல், சீனி அளவு, உப்பு அளவு, சிறுநீர் அளவு எல்லாம் எழுதி வைப்பார்கள். சில இடங்களில் மண்டைக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்பி வைக்கிறார்கள். அந்த எண் 22க்கு மேலே போனால் சிகிச்சை தேவை. அந்தக் கம்பி இல்லாத இடத்தில் தாதியின் கண்ணும் டோர்ச்சும்தான் அளவுகோல்.

படித்தது மாறிக்கொண்டே இருக்கிறது என்பதும் உண்மை. ஒரு காலத்தில் வீக்கம் குறையும் என்று தலைக்காயத்துக்கு ஸ்டீரொய்ட் மருந்து கொடுத்தார்கள். பல நாடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2004இல் வந்தது. மருந்து கொடுத்தவர்களில்தான் கூடுதலானோர் இறந்திருந்தார்கள். அதோடு அந்தப் பழக்கம் நின்றது. அதேபோல மெஷினில் வேகமாக மூச்சுக் கொடுத்து அழுத்தத்தைக் குறைப்பதும் முன்பு வழக்கமாக இருந்தது. அப்படிச் செய்தால் மூளைக்குப் போகும் இரத்தமே குறையும் என்று தெரிந்த பிறகு, அவசரத்துக்குக் கொஞ்ச நேரம் மட்டும் செய்கிறார்கள். ஆகவே தாதி ஒருவர் ஒரு தடவை படித்துவிட்டு வந்தால் போதாது. திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும். நம் நாட்டிலும் 2010களில் தீவிர சிகிச்சைத் தாதியருக்கென்று, தாதியரே முன்னின்று நடத்திய குறுகிய காலச் செய்முறைப் பயிற்சிகள் நடந்தன. பயிற்சியும் வேண்டும், பார்க்க நேரமும் வேண்டும். ஒரு கட்டிலுக்கு ஒரு தாதி என்று இருந்தால் அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கலாம். ஒருவரே பல கட்டில்களைப் பார்த்தால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் ஏதாவது ஒன்று தவறும்.

நம்ம பாஷையும் அந்தப் பேச்சு மார்க்கும்

இனிச் சொல்வது நம்ம தோட்டத்து ஆட்களுக்கு மிக முக்கியம். பேச்சுக்கு 5 மார்க் என்று சொன்னோமே, அது பாஷையைப் பொறுத்தது. நம்ம பக்கத்து பெரியாஸ்பத்திரிகளில் தாதிமார் பலருக்குச் சிங்களம்தான் தாய்மொழி. நம்ம பாட்டிக்கோ தமிழ் மட்டும்தான் தெரியும். சிங்களத்தில் கேட்டால் பாட்டி பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அது மயக்கமா, பாஷை விளங்காததா? பாட்டி வாயில் ஏதோ சொல்கிறார். அது சரியான பதிலா, பிதற்றலா? பக்கத்தில் நம்ம ஆள் ஒருவர் இருந்தால்தான் தெரியும்.

ஆகவே கூடப் போகிறவர் தயங்காமல் சொல்ல வேண்டும்: “மிஸ், இவங்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வழக்கமா நல்லாக் கதைப்பாங்க. காது கொஞ்சம் மந்தம்.” “உங்க பேரு என்ன, இப்ப எங்க இருக்கீங்க, இது என்ன மாசம், கையைத் தூக்குங்க” என்ற நாலு கேள்வியை நம்ம பாஷையில் கேட்டு, வந்த பதிலை அப்படியே சொல்லுங்கள். நாமாக அழகுபடுத்திச் சொல்லக் கூடாது. “சரியாத்தான் பேசுறார்” என்று பாசத்தில் சொல்லிவிட்டால் தவறான மார்க் விழும். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

குடி விஷயத்திலும் உண்மையைச் சொல்லுங்கள். குடித்தவர் விழுந்தால் இரண்டு விதமாகப் பிழை நடக்கும். லயத்தில் நாம், “போதையில கிடக்கிறான், தெளிஞ்சதும் எழும்புவான்” என்று விட்டுவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் குடித்ததை மறைக்கிறோம். இரண்டும் ஆபத்து. எவ்வளவு, எத்தனை மணிக்குக் குடித்தார் என்று சொன்னால், போதை குறைய வேண்டிய நேரத்தில் மயக்கம் கூடுகிறதா என்று தாதி கணக்குப் பார்ப்பார். தலையில் அடிபட்ட குடிகாரரை முதலில் தலைக்காயக்காரராகவே நினையுங்கள்.

லயத்தில் நாம் செய்ய வேண்டியது

1. அடிபட்ட நேரத்தைப் பாருங்கள். கொப்பித் தாள் ஒன்றில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், மயங்கினாரா, எவ்வளவு நேரம், எத்தனை தடவை வாந்தி, வலிப்பு வந்ததா. அந்தத் தாளை ஆஸ்பத்திரியில் கொடுங்கள். தாதியின் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

2. கை ஒருவர், கால் ஒருவர் பிடித்துச் சாக்கு மாதிரித் தூக்காதீர்கள். தலைக்காயத்தோடு கழுத்தெலும்பும் உடைந்திருக்கலாம். ஒருவர் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடிக்க, மற்றவர்கள் உடம்பை ஒரே நேரத்தில் திருப்பிப் பலகையிலோ கதவிலோ வைத்துத் தூக்குங்கள். மயங்கியவர் வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடம்பு எல்லாம் ஒன்றாகவே பக்கவாட்டில் திருப்புங்கள்.

3. தண்ணீர், தேத்தண்ணி, சோடா, சாராயம் ஒன்றும் வாயில் ஊற்றாதீர்கள். தூக்க மாத்திரையோ அஸ்பிரினோ கொடுக்காதீர்கள். காயத்தில் கோப்பித்தூள் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அமுக்கிப் பிடியுங்கள். காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள்.

4. 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை இன்று நம்ம மாகாணத்திலும் இருக்கிறது. தோட்டத்துப் பேர், டிவிஷன், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், லயம் வரை வாகனம் வருமா என்பதைச் சொல்லுங்கள். வராது என்றால் ஒருவரைச் சந்தியில் நிறுத்துங்கள்.

5. கீழே சொன்னதில் ஒன்று இருந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: எழுப்பக் கஷ்டமான தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, ஆளை அடையாளம் தெரியாமை. கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைப்பதும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பதும், ஓயாத அழுகையும்.

6. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் 24 மணித்தியாலம் அவரைத் தனியே விடாதீர்கள். வயதானவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், தினமும் குடிப்பவர்களும் இன்னும் கவனம். இவர்களுக்கு உள்ளே மெல்ல மெல்லக் கசிந்து, இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகுகூட தடுமாற்றம் வரலாம். “வயசு போனதால வந்த மறதி” என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தலைக்காயம் ஆறி வந்தவர் பழைய ஆளாக உடனே இருக்க மாட்டார். சின்ன விஷயத்துக்குக் கோபம், மறதி, களைப்பு, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை எல்லாம் மாதக் கணக்கில் இருக்கலாம். பேய் பிடித்தது என்றோ, வேலைக்குப் போகச் சோம்பல் என்றோ பேசாதீர்கள். வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் கிளினிக்கில் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மரம் ஏறுவது, செங்குத்தான மலையில் வேலை செய்வது, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் அன்றைக்கே தோட்ட ஒபீஸில் பதிவு செய்யுங்கள். 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கேட்பதற்கு அந்தப் பதிவு உதவும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நிமிடம் உள்ளே விட்டால், கட்டிலருகே நின்று அழாமல், அவருடைய பேரைச் சொல்லி நம்ம பாஷையில் கதையுங்கள். “நான்தான் வந்திருக்கேன், பிள்ளைங்க நல்லா இருக்காங்க” என்று சொல்லுங்கள். கண்ணைத் திறந்தாரா, விரலை அசைத்தாரா என்று பார்த்து மிஸ்ஸிடம் சொல்லுங்கள். அவர் அதையும் எழுதிக்கொள்வார்.

மூடிய கதவுக்கு உள்ளே மிஸ் அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கிறார். அந்தக் கதவுக்கு வருவதற்கு முன் இருந்த நேரம் முழுவதும் நம்ம கையில்தான். அந்த நேரத்தில் பார்க்க ஆள் வேண்டும், எழுத ஒரு தாள் வேண்டும். 1990 என்ற இலக்கத்தையும் மேலே ஐந்தாவதாகச் சொன்ன அறிகுறிகளையும் பெரிய எழுத்தில் எழுதி, லயத்துச் சுவரிலும் பிள்ளை மடுவத்திலும் ஒட்டி வையுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள்.